தானாகப் பாயாத கார்

1

சனிக்கிழமை மதியம் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மணியத்திடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

“சார், சாப்டாச்சா? புது காடி எடுத்திருக்கேன். எலக்ட்ரிக்தான், சிரிக்காதீங்க. வர்ற வெள்ளிக்கிழம காலையில தண்ணீர்மலையில பூச. நீங்க கண்டிப்பா வரணும். இந்தத் தடவ ஒண்ணும் ஆவாது சார். ஒரு வருசமா மச்சம் தொடல, சுத்தமா இருக்கேன். போன வருசம் என்னாலதான உங்க மக காடி அப்படிப் பாஞ்சிச்சு.”

காடி என்றால் இங்கே கார். மச்சம் என்றால் அசைவம். பினாங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்ததில் இரண்டு சொற்களும் எனக்குப் பழகிவிட்டன. பழகாதது ‘என்னாலதான’ என்ற சொல்.

சென்ற ஆண்டு இதே தைப்பூசக் காலத்தில், தண்ணீர்மலை முருகன் கோயிலின் அடிவாரத்தில், என் மகளின் புது மின்சாரக் காருக்குப் பூசை போட்டோம். அப்போது கார் திடீரென்று பாய்ந்து மணியத்தின் இடது காலை முறித்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தவன் நான். கார் தானாகப் பாய்ந்தது என்று அன்றே எல்லாரிடமும் சொன்னேன். கோவையிலும் பொள்ளாச்சியிலும் இதைப் படிக்கிற உங்களில் சிலர் என் குரலையே கேட்டிருப்பீர்கள். ‘பினாங்கில் ஒரு பேராசிரியர் சொல்கிறார், கட்டாயம் கேளுங்கள்’ என்று கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிய நான்கு நிமிடச் செய்தி அது. மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்களுக்கு எச்சரிக்கை.

அந்தக் குரல் என்னுடையது. கார் தானாகப் பாயவில்லை. நான் மிதித்தேன்.

இதை எழுதுவதால் நான் மின்சாரக் கார்களின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று யாரும் மகிழ வேண்டாம். நான் பெட்ரோல் ஆள். சாகும்வரை அப்படித்தான் இருப்பேன். ஒரு பொய்யைத் திரும்பப் பெறுகிறேன், அவ்வளவுதான். கருத்து எதையும் திரும்பப் பெறவில்லை.

2

நான் பொறியியல் வாத்தியார். இங்கே ஒரு தனியார் தொழில்நுட்பக் கல்லூரியில் வெப்பப் பொறிகள் பற்றிப் பாடம் நடத்த வந்தேன். மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்று சொல்லி வந்தவன், மகள் பள்ளிக்குப் போனாள், மனைவிக்கு ஊர் பிடித்தது என்று தங்கிவிட்டேன். இன்னும் குடியுரிமை இல்லை. நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான். எந்த அலுவலக முகப்பில் அதை நீட்டினாலும் அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு கணம் என்னை ஏறிட்டுப் பார்ப்பார். இத்தனை வருடமாக இருக்கிறீர்கள், இன்னும் சிவப்பா என்று கேட்பார். கேட்காதவர்களும் அதைத்தான் நினைப்பார்கள்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு மிஞ்சியவை மூன்று. மகள் கவிதா. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் என் பழைய ஜப்பான் கார். ஜெலுத்தோங்கில் ஒரு தேநீர்க்கடையில் கூடும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் கார்ப் பித்தர்கள். கார்களைச் சாலையோரம் நிறுத்தி, முன்மூடியைத் திறந்துவைத்துவிட்டு, தே தாரிக் என்கிற நுரைத் தேநீர் ஆறும்வரை சண்டை போடுவோம். அதில் இருவரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் மணியம். தாசேக் கெலுகோரில் சொந்தமாகக் கொஞ்சம் செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவர். எண்ணெய்ப்பனையைத்தான் இங்கே செம்பனை என்கிறார்கள். பழக்குலை ஏற்றும் டீசல் பிக்கப்பைப் பெற்ற பிள்ளையைப் போல் வைத்திருந்தார். இன்னொருவர் ஜோசப், ஓய்வுபெற்ற எழுத்தர். அவர் காருக்கு இரண்டு கதவு, டர்போ, புகைக்குழாய் ஒரு பனங்காய் அளவு. ஞாயிறு பூசைக்கு அதில்தான் தேவாலயம் போவார். சத்தம் தாங்காமல் பாதிரியார் காரை அடுத்த தெருவில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மின்சாரக் கார் என்ற பேச்சு வந்தால் ஜோசப் நாற்காலியை முன்னுக்கு இழுப்பார்.

“வேகம்னு வந்தா எலக்ட்ரிக்தான், நான் ஒத்துக்கிறேன். நம்ம காடி ரெண்டாவது கியர் போடறதுக்குள்ள அது போயிரும். லிஃப்ட்டும்தான் வேகமா மேல போவுது. லிஃப்ட்ட எவனாச்சும் ஞாயித்துக்கிழம தொடச்சு வைக்கிறானா?”

“எனக்கு வேகம் வேணாம்லா,” என்பார் மணியம். “ஒரு டன் பழக்குல, மழ, செம்மண்ணு. என் பிக்கப் ஏறும். பேட்டரியும் ஏறும்னு சொல்றான். ஏறட்டும். திரும்பி வருமான்னு கேளு.”

“அது காரே இல்லப்பா,” என்று நான் தீர்ப்புச் சொல்வேன். “நாலு சக்கரம் வச்ச ஃபிரிட்ஜ்.”

சார் சொல்லிவிட்டால் அன்றைய வழக்கு முடிந்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்ரோல் இயந்திரம் தன் எரிபொருளின் பெரும்பகுதியை வெறும் வெப்பமாக வீணடிக்கிறது, மின்மோட்டார் அப்படிச் செய்வதில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதியவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சொன்னதில்லை. அங்கே யாரும் என்னிடம் பாடம் கேட்கவில்லை. தங்கள் ஆசைக்கு ஒரு படித்த ஆளின் கையெழுத்தைக் கேட்டார்கள். போட்டுக்கொடுத்தேன்.

என்னுடைய நிஜமான குறைகள் வேறு. மின்சாரக் கார்கள் கனமானவை. டயர்களைத் தின்கின்றன. பழுதானால் தெருமுனைப் பட்டறை கைவிரிக்கிறது. வண்டியை வாங்கியவனைவிட அதைச் செய்தவனுக்கே அது அதிகம் கட்டுப்படுகிறது. இவற்றை இன்றும் யாரிடமும் வாதாடத் தயார். இவற்றுக்குப் பொய் தேவைப்படவில்லை என்பதுதான் வெட்கம்.

கவிதா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பொறியாளர். ஒரு பொருள் ஏன் பழுதானது என்று வேர்வரை தோண்டிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. ஒரு நாள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்.

“அப்பா, ஃபிரிட்ஜ் வாங்கிட்டேன்.”

3

பொள்ளாச்சியில் என் அப்பா ஒரு தனியார் பேருந்து நிறுவனத்தின் பணிமனையில் மெக்கானிக். ஆயுத பூசை அன்று எல்லாப் பேருந்துகளும் கழுவப்பட்டு, வாழைக்கன்று கட்டி வரிசையாக நிற்கும். சூடம் காட்டும் நேரத்தில் ஓட்டுநர்கள் எல்லாரும் தங்கள் வண்டியில் ஏறி, கியர் போடாமல், ஒரே சமயத்தில் முடுக்கியை மிதிப்பார்கள். தகரக் கூரை அதிரும். பூசாரியின் மந்திரம் யாருக்கும் கேட்காது, அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. நான் கல்லூரி சேர்ந்த வருடம், ஓட்டுநர் ஒருவர் வராததால், அப்பா என்னை ஒரு வண்டியில் ஏற்றி மிதிக்கச் சொன்னார். காலடியிலிருந்து அந்த உறுமல் கிளம்பி முதுகுத்தண்டில் ஏறியது. நான் பொறியியல் படித்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அதன்பின் எந்த வண்டிப் பூசையிலும் சூடம் ஏற்றியதும் என் கால் தானாக மிதிக்கும். பினாங்கிலும் அதைத் தொடர்ந்தேன். எங்கள் கூட்டத்தில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. யார் வண்டி வாங்கினாலும், சாவியை ஒரு நிமிடம் சாரிடம் கொடுத்து உறுமவிடச் சொல்வார்கள். ‘சாமிக்கு ஹலோ’ என்று ஜோசப் அதற்குப் பெயர் வைத்தார்.

கவிதா காரின் பூசைக்கும் கூட்டம் மொத்தமும் வந்தது, பாதி அன்பால், பாதி கேலி செய்ய. குருக்கள் நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். வீட்டுக்கு மூத்தவர் ஓட்டட்டும் என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். கவிதா சன்னல் வழியாகக் குனிந்து சொல்லிக்கொடுத்தாள்.

“பிரேக்க மிதிச்சுக்கிட்டு இத கீழ தள்ளுங்கப்பா. கியர் விழுந்திரும். அப்புறம் கால எடுத்தாலும் வண்டி அப்படியே நிக்கும், ஓடாது. ஐயர் சொன்னதும் லேசா மிதிச்சா போதும். லேசா, ஓகேவா?”

தள்ளினேன். காலை எடுத்தேன். கார் நின்றது. எந்தச் சத்தமும் இல்லை. குருக்கள் சூடத்தை ஏற்றி முன்மூடியைச் சுற்றிக் காட்டினார். முன்பக்க இடதுசக்கரத்துப் பழம் உருண்டு விலகியிருக்கிறது. மணியம் அதைச் சரியாக வைக்கக் குனிந்தார். நான் அதைப் பார்க்கவில்லை. வலப்பக்கம் கைப்பேசியோடு நின்ற ஜோசப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னா சார், ஹலோ சொல்லலயா? சத்தமே காணோம், சாமி எப்படி எந்திரிக்கும்?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, பொள்ளாச்சிப் பணிமனையில் மிதித்ததுபோல் அடிவரை மிதித்தேன்.

உறுமல் வரவில்லை. கார் பாய்ந்தது. மணியத்தின் கால் காருக்கும் எதிரே இருந்த பூந்தொட்டித் திட்டின் விளிம்புக்கும் நடுவில் இருந்தது.

4

கதவைத் திறந்து இறங்கியதும் என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம், “நான் ஒண்ணும் பண்ணல. தானா பாஞ்சிருச்சு.”

மணியத்தின் பெயரைக்கூட நான் முதலில் சொல்லவில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்று ஒரு வருடமாக யோசித்திருக்கிறேன். பயம்தான். கிழவன் பெடலை மாற்றி மிதித்துவிட்டான் என்ற பேச்சு வந்தால் கவிதா என் காரின் சாவியை வாங்கிவிடுவாள். கூட்டத்தில் நான் சார் இல்லை, தாத்தா. சிவப்பு அட்டைக்காரன்மேல் போலீஸ் வழக்கு வந்தால் என்ன ஆகும் என்ற கலக்கமும் இருந்தது. ஆனால் இவையெல்லாம் பின்னால் அடுக்கிய காரணங்கள். அந்த நொடியில் யோசிக்க நேரம் இருக்கவில்லை. பொய் தயாராக இருந்தது. மின்சாரக் காரை நம்ப முடியாது என்று இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன்.

காவல் நிலையத்தில் மலாயில் வாக்குமூலம் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த மலாயில் ‘ரோசாக்’ என்ற சொல் இருந்தது, பழுது என்று பொருள். கெரேத்தா ரோசாக் என்றேன், கார் பழுது. எழுதிக்கொண்டார்கள். ‘கால் தவறிவிட்டது’ என்பதற்கு எனக்கு மலாய் வராததால்தான் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்று சில இரவுகள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். தமிழில் எனக்கு நன்றாகவே வரும். தமிழிலும் நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஜோசப் கைப்பேசியை என் வாய்க்கு நேராகப் பிடித்தார். “சார், டெக்னிக்கலா சொல்லுங்க. எல்லாத்துக்கும் அனுப்பலாம்.” சொன்னேன். சமிக்ஞைக் கோளாறு, மென்பொருள், கட்டுப்பாட்டு அலகு என்று நான்கு நிமிடம். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. நான் நல்ல வாத்தியார்.

மூன்று மாதம் கழித்துக் கோவையிலிருந்து என் தம்பி கூப்பிட்டான். “அண்ணா, உன் குரல் மாதிரியே ஒருத்தர் பேசினது வந்துச்சு. கேட்டுட்டு நான் புக் பண்ணின வண்டிய வேண்டாம்னுட்டேன்.” அது நான்தான் என்றேன். தம்பி பெருமைப்பட்டான்.

5

பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்பது வெளிநாட்டில் குடியேறிய நாங்கள் எல்லாரும் எழுதுகிற புலம்பல். தமிழ் குறைகிறது, வருகை குறைகிறது, பேசினால் ஆங்கிலத்தில் இரண்டு வரி. கவிதாவைப் பற்றியும் இந்த ஒரு வருடம் ஊரிலிருந்து விசாரித்தவர்களிடம் அப்படித்தான் சொன்னேன். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, கார் வெளியே நிக்குது என்று கிளம்பிவிடுவாள். மணியத்தின் ஆஸ்பத்திரிச் செலவை அவளே பார்த்துக்கொண்டாள். கார் நிறுவனத்தின்மேல் புகார் கொடு என்று நான் சொன்னபோதெல்லாம், “வேலை ஜாஸ்திப்பா” என்றாள்.

மணியத்தின் செய்தி வந்த அன்று மாலை நானே அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். குழம்புப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தவளின் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

“ஆக்சிலரேட்டரத் தெரியாம மிதிச்சிட்டேன்னு மலாய்ல எப்படிச் சொல்றது?”

அவள் திரும்பவில்லை. அடுப்பைச் சிறிதாக்கினாள்.

“சாயா தெர்சிலாப் தெக்கான் மிஞ்ஞாக்.”

“மிஞ்ஞாக்னா எண்ணெய் இல்ல? அந்தக் கார்ல ஏது எண்ணெய்?”

“எல்லாக் கார்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

பிறகு கைப்பையைத் திறந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். சர்வீஸ் நிலையத்தில் காரின் நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அந்த நாள், அந்த நொடி. முடுக்கி அடிவரை. பிரேக் தொடப்படவில்லை. மின்சாரக் கார் எதையும் மறப்பதில்லை. மடிப்புகளில் தாள் பஞ்சாகியிருந்தது.

“எப்பக் கெடச்சுது?”

“ஒரே வாரத்துல.”

“ஏம்மா கேக்கல?”

“ஃபேக்டரில நான் டெய்லி இதான்பா பண்றேன். ரூட் காஸ் என்னான்னு. யாரையாச்சும் கூப்பிட்டு, நீதான பண்ணினேன்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்வாங்க. அவங்களா வந்தாத்தான் ஃபிக்ஸ் ஆகும்.” அடுப்பை அணைத்தாள். “உங்களுக்காக இவ்ளோ நாள் வெயிட் பண்ண வேண்டியிருக்கும்னு நெனக்கல.”

அவள் விலகிப் போகவில்லை. நான் எவ்வளவு தள்ளி வைத்தேனோ அந்தத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

என் காரின் சாவியை எடுத்து அவள் முன் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விரலால் திரும்பத் தள்ளினாள்.

“உங்க காடியில மூணு பெடல் இருக்கு. மூணு இருந்தா உங்க காலுக்குப் புத்தி வேல செய்யுது. டாக்டர்கிட்ட கண்ணு, காலு எல்லாம் காட்டி லெட்டர் வாங்குங்க, ஓட்டுங்க. என் காடிய மட்டும் தொடாதீங்க.”

“உன் ஃபிரிட்ஜ எவன் தொடுவான்?” என்றேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு என் வீட்டில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

6

ஞாயிறு காலை தேநீர்க்கடைக்குப் போகாமல் பாலத்தைத் தாண்டித் தாசேக் கெலுகோர் போனேன். மணியத்தின் வீட்டில் பிக்கப் நின்ற கொட்டகை காலியாக இருந்தது. உடைந்த காலுக்குள் இரும்புத்தகடு. கிளட்ச் மிதிக்க முடியாது. பிக்கப்பை விற்றுவிட்டார், பழக்குலையை இப்போது அவர் தம்பி ஏற்றுகிறார். கார் நிறுத்தும் முன்கட்டில் ஒரு சின்ன வெள்ளைக் கார், சுவரிலிருந்து வயர் போட்டு நின்றது.

“வாங்க சார், வாங்க. பூசைக்குக் கூப்பிட்டா இன்னிக்கே வந்துட்டீங்க. பாருங்க, தரவீடுன்னா சார்ஜ் சுலுவா இருக்கு. மேல மாடியில இருக்கிறவனுங்கதான் பாவம்.”

உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

“மணியம், அன்னைக்குக் கார் தானா பாயல. நான் மிதிச்சேன். ஜோசப் சொன்னதுக்கு உறும விடறதா நெனச்சு, அடிவரைக்கும் மிதிச்சேன். இறங்கினதும் பொய் சொன்னேன். இத்தன நாளும் பொய்தான் சொல்லிட்டிருந்தேன்.”

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உண்மையாவா?”

“உண்மைதான். காரோட பதிவு கவிதாகிட்ட இருக்கு.”

மணியம் நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார். இடது காலை நீட்டிக்கொண்டார்.

“அன்னிக்குக் காலையில கெப்பாலா பத்தாஸ் டவுன்ல ஒரு கடையில ரொட்டி சானாய் சாப்டேன் சார். விரதம். பருப்புக் கறிதான் கேட்டேன். பழக்கத் தோசம், பக்கத்துல இருந்த மீன் கறியில தொட்டுட்டேன். ரெண்டாவது வாயிலதான் நெனப்பு வந்திச்சு. துப்பிட்டு வாயக் கொப்புளிச்சேன். அந்தக் கையாலதான் எலுமிச்சம்பழத்த எடுத்து வச்சேன்.” கையைத் திருப்பிப் பார்த்தார். “நீங்க தானா பாஞ்சிச்சுன்னு சொன்னீங்க. படிச்சவரு. தானான்னா, யாரு பாய வச்சது? நான் யோசிச்சேன். எனக்கு ஒரே பதில்தான் கெடச்சுது.”

என் பொய் பாதியில் நின்றிருந்தது. மீதியை அவர் முருகனைக் கொண்டு நிரப்பியிருந்தார்.

“முருகனும் இல்ல, மீனும் இல்ல. நான்தான் மணியம்.”

“ஒரு வருசம்,” என்றார். “என் பொண்டாட்டி வீட்டுல மச்சம் ஆக்கல. இந்தக் காலோட காவடி எடுக்க முடியாதுதான். சும்மா மல ஏறிக் கும்பிடக்கூட நான் போகல. அவருக்கு என் மூஞ்சி புடிக்காதுன்னு.” நீட்டிய காலைத் தடவினார். “காலு ஒடஞ்சது ஒடஞ்சதுதான். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. இது என்னா மாதிரி வேல?”

காலியான கொட்டகையைப் பார்த்தேன்.

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“குடிச்சிட்டுப் போங்க,” என்றார் மணியம்.

நின்றுகொண்டே குடித்தேன். வாசலில் திரும்பி, வெள்ளிக்கிழமை வரட்டுமா என்று கேட்டேன்.

“கோயிலு என்னுதா? வர்றவங்கள வேணாம்னு சொல்ல நான் யாரு?”

அதில் ‘சார்’ இல்லை.

7

திங்கட்கிழமை காவல் நிலையத்தில் கவிதா கற்றுக்கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் போலீஸ் முதல் வாக்குமூலத்தைத் திரையில் தேடி எடுத்தார். இரண்டையும் பார்த்தார். சிவப்பு அட்டையைப் பார்த்தார்.

“பாக்சிக், ஒரு வருசம் கழிச்சு ஏன் வந்தீங்க? யாராவது வரச் சொன்னாங்களா?” என்று மலாயில் கேட்டார். பாக்சிக் என்றால் பெரியவரே என்பதுபோல ஒரு விளி.

“இல்லை. நானே வந்தேன்.”

“முன்னால் பொய், இப்போது உண்மை. அப்படித்தானே எழுத வேண்டும்?”

“அப்படித்தான் எழுதுங்கள்.”

விசாரணை அதிகாரி கூப்பிடுவார், அபராதம் வரும், வேறு நடவடிக்கையும் இருக்கலாம் என்றார். வரட்டும் என்றேன். சிவப்பு அட்டைக்கு ஏதாவது வந்தாலும் வரட்டும். அதை நீட்டும்போதெல்லாம் இத்தனை வருடமாகக் குனிந்த முதுகு, பொய் வாக்குமூலம் கொடுத்தவனாகக் கையெழுத்துப் போட்ட அன்று நிமிர்ந்திருந்தது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை.

அன்றே புதிய குரல் செய்தி ஒன்றைப் பதிந்து கூட்டத்துக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஜோசப் கூப்பிட்டார்.

“என்னா சார் இது? நம்ம பக்கம் இருந்த ஒரே சாட்சி நீங்கதான்.”

“பொய்ச் சாட்சி ஜோசப்.”

“பொய்யாவே இருந்தாலும் நல்லா ஓடிச்சுல்ல? சிங்கப்பூர் வரைக்கும் போச்சு சார். எத்தன பேரு பெட்ரோலுக்கே திரும்புனானுங்க.” குரலைத் தாழ்த்தினார். “நான் அத அழிச்சிடறேன். நீங்களும் அழிச்சிடுங்க. யாருக்கும் தெரியாது.”

“மணியத்துக்குத் தெரியும்.”

அன்று என் காலைக் கிளப்பிவிட்ட கேலி ஜோசப்புடையது. அது இருவருக்கும் தெரியும். அதை நான் சொல்லவில்லை. மிதித்தது அவர் இல்லை.

“அப்ப நீங்களும் ஃபிரிட்ஜ் கட்சியா?” என்றார் கடைசியில்.

“இல்ல. பெட்ரோல் கட்சிதான். வர்ற ஞாயித்துக்கிழம வந்து இன்னும் பத்துக் குறை சொல்றேன், எல்லாம் நிஜக் குறை. பொய் சொல்லித்தான் பெட்ரோலக் காப்பாத்தணும்னா, அது எப்பவோ செத்துப்போச்சுன்னு அர்த்தம். என் வண்டி சாகல. காலையிலகூட முதல் திருப்பிலயே எந்திரிச்சிச்சு.”

பழைய செய்தி கடல் தாண்டிப் போனது. புதிய செய்தியை எங்கள் கூட்டத்திலேயே யாரும் வேறெவருக்கும் அனுப்பவில்லை. அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். பேராசிரியர் சொல்கிறார் என்று அந்தக் குரல் இன்னும் உங்களிடம் வந்தால், அனுப்பியவருக்கு இதைக் காட்டுங்கள். மின்சாரக் கார் வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். என்னால் வாங்காமல் இருக்காதீர்கள். தம்பியிடமும் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவன் பெருமைப்படவில்லை.

8

வெள்ளிக்கிழமை போனேன். போகத்தான் வேண்டும் என்று கவிதா சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் தன் காரில் வந்தாள், நான் என் காரில்.

மணியத்தின் வெள்ளைக் கார் அடிவாரத்தில் மாலை போட்டு நின்றது. சொந்தக்காரர்கள், கூட்டத்துக்காரர்கள் என்று இருபது பேர் இருக்கும். யாரும் காருக்கு முன்னால் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் ஒரு தெரு அளவு இடம் விட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஜோசப் மட்டும் தலையை ஆட்டினார். நான் ஓரமாக நின்றேன்.

மணியம் ஊன்றுகோலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். குருக்கள் பழங்களை வைத்தார். சூடம் ஏற்றினார். தரை அங்கே கொஞ்சம் சரிவு. முன்பக்க இடதுசக்கரத்துப் பழம் உருண்டது. உருண்டு, நடுவில் விட்டிருந்த காலி இடத்தில் போய் நின்றது.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. குருக்களின் இரண்டு கையிலும் தட்டு.

நான் போனேன். பழத்தை எடுத்துக்கொண்டு காருக்கு முன்னால் குனிந்தேன். அந்த இடத்தில் குனிந்தால், வண்டி ஓடத் தயாராக இருக்கிறதா அணைந்திருக்கிறதா என்று தெரியாது. பெட்ரோல் கார் என்றால் முகத்தில் சூடு அடிக்கும், காதில் துடிப்பு கேட்கும். இங்கே ஒன்றும் இல்லை. மணியம் போன வருடம் குனிந்திருந்தது இப்படித்தான். பழத்தைச் சக்கரத்தோடு ஒட்டி வைத்தேன். மறுபடி உருளாமல் இருக்க ஒரு சின்னக் கல்லை அண்டைகொடுத்தேன்.

தலையைத் தூக்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் மணியம். கண் என்மேல், இரண்டு கையும் வளையத்தில். அவர் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சன்னல் இறங்கியது.

“அண்ணே,” என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. “எந்திரிச்சு ஓரமா வாங்க. வண்டி ஆன்லதான் இருக்கு.”

எழுந்து ஓரமாக நின்றேன். கார் ஓர் அடி நகர்ந்தது. நான்கு பழங்களும் நசுங்கிய சத்தம் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. பெட்ரோல் வண்டிப் பூசையில் ஒரு நாளும் அது கேட்டதில்லை. நல்ல சத்தம்தான். ஆனாலும் என் ஆறு சிலிண்டருக்கு ஈடாகாது.